காப்புறுதியும் குடும்பத் திட்டமும்

கருத்தடைச் செலவை மருத்துவக் காப்புறுதி ஏற்க வேண்டுமா என்பது மேல்நாடுகளில் பெரும் வழக்காயிற்று. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, 2012 முதல் பெரும்பாலான காப்புறுதித் திட்டங்கள் அதனை ஏற்றன. ஆயினும், சமயக் கொள்கை காரணமாகச் சில குடும்பக் கம்பனிகள் மறுக்கலாமென 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்ணின் உடல்நலம் முதலாளியின் மனச்சாட்சியைச் சார்ந்து நின்றது.

நம் நாட்டு நிலை வேறு. 1937இலேயே மருத்துவர் மேரி இரத்தினம் கொழும்பில் குடும்பத் திட்ட நிலையம் ஒன்றைத் திறந்தார். 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியது. 1965இல் அரசாங்கமே இப்பணியைத் தாய் சேய் நலச் சேவையுடன் இணைத்தது. இன்று மாத்திரை, ஊசி, லூப் ஆகியன அரசாங்க நிலையங்களில் இலவசமாகவோ சொற்ப விலைக்கோ கிடைக்கின்றன. இதற்குக் காப்புறுதிப் பத்திரம் வேண்டுவதில்லை. சவர்க்காரம் வாங்கும் ஏழைப் பெண்ணும் செலுத்தும் வரிப்பணமே நமது காப்புறுதி.

ஆயினும், அச்சுவேலியில் குடும்பநல உத்தியோகத்தர் படலையைத் திறந்து வரும்போது, மாமியார் முன்னிலையில் வாய் திறவாது நிற்கும் மருமகளை நாம் கண்டதுண்டு. போதிய இடைவெளியின்றி அடுத்தடுத்துப் பிள்ளை பெறுதல் தாயின் உடலை நலிவிக்கும். எத்தனை பிள்ளைகள் என்பதைத் தம்பதியரே தீர்மானிக்கட்டும். ஆனால், உரிமையாய் வரும் உதவியை நாணம் தடுத்தல் தகாது. கணவன்மாரே, அந்த முற்றத்தில் முதல் வார்த்தையை நீங்கள் பேசுங்கள்.