மழையில் மண்பாதையும் ஜீப்பும்
கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் இன்றும் பழைய லேண்ட்ரோவர்கள் ஓடுகின்றன. நான்கு சக்கரமும் இழுக்கிறதே என்ற தைரியத்தில், மழையிலும் மண்பாதையில் இறங்கிவிடுவோர் உண்டு. அந்த இழுவை ஏறுவதற்கு உதவும்; வழுக்கும் இறக்கத்தில் வண்டியை நிறுத்தித் தராது. லோ கியரில் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி மெல்ல இறங்க வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் சறுக்கும்.

ஆறு குறுக்கிட்டால்? முழங்காலுக்குச் சற்று மேல், ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாக ஓடும் நீர், ஜீப்பையே இழுத்துச் சென்றுவிடும். கலங்கிய நீரில் அடியும் தெரியாது. வற்றும்வரை காத்திருங்கள், இல்லையேல் திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று. சேற்றில் சக்கரத்தைச் சுழலவிட்டு நீங்கள் பறித்த பள்ளத்தில்தான், மறுநாள் காலை பள்ளிப் பிள்ளையை ஏற்றிய மோட்டார் சைக்கிள் வரவேண்டும். வாரக் கடைசியில் விளையாட வருகிறவர்கள் இதை நினைப்பதே இல்லை! மழை விட்டு, பாதை காய்ந்த பிறகு போனால் என்ன?