கறளைத் தன்மேல் வாங்கும் உலோகம்

பண்டத்தரிப்பிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கல்வனைஸ் பைப் வாங்கி வெல்டிங் கடையில் கேற் செய்வித்தாராம். இரண்டு மாரி கழிவதற்குள் ஒட்டிய இடமெல்லாம் கறள். பைப்பின் நடுப்பகுதிகளோ வாங்கியபோது இருந்தபடியே இருக்கின்றன. அதே வளவின் கிணற்றடியில் மாமனார் காலத்துத் தகர வாளி ஒன்று, அடி நசுங்கி, உடம்பெல்லாம் கீறலோடு இன்னும் தண்ணீர் அள்ளுகிறது. “எனக்கு விற்றது போலிப் பைப்பா?” என்று கேட்கிறார்.

போலிப் பைப்பாக இருந்தால் நடுப்பகுதியிலும் கறள் கண்டிருக்கும். கோளாறு ஒட்டில்தான். அதை விளங்கிக்கொள்ள மேற்பூச்சுகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நாம் கையாளும் பொருட்களில் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பு வேறு, உள்ளுடல் வேறு. கலியாண அழைப்பிதழின் வழவழப்பு, காகிதத்தின்மேல் பூசிய வெண்களிமண்ணை உருளைகளுக்கிடையில் அழுத்தித் தேய்த்ததால் வருவது. அதற்கும் மேலே பிளாஸ்ரிக் படலம் ஒட்டினால் மினுக்கம் கூடும். ஆனால் அந்தக் காகிதத்தை மறுபடி கூழாக்குவது பெரும்பாடு. குரோம் பூசிய தண்ணீர்க் குழாய்த் தலைகள் பலவற்றின் உள்ளே இருப்பது பிளாஸ்ரிக். அமிலத்தால் அதன் மேற்பரப்பில் நுண்குழிகள் தோண்டி, அவற்றில் உலோகத்தை வேரூன்ற வைத்து, செம்பு, நிக்கல் என்று அடுக்கி, கடைசியில் ஒரு மைக்ரோனுக்கும் குறைவான குரோமியம் பூசுகிறார்கள். காரைநகர் சீநோர் படகுத்துறையில் உருவான கண்ணாடியிழைப் படகுகளில் வரிசையே தலைகீழ்: முதலில் அச்சின் உட்பக்கத்தில் வெளிப்பூச்சைப் பூசுவார்கள், பிறகுதான் அதன்மேல் இழையும் பிசினும் வைத்துப் படகின் உடலைக் கட்டுவார்கள்.

இவையெல்லாம் சுவர்கள். முழுதாக நிற்கும்வரை காக்கும். ஓட்டை விழுந்தால் அந்த இடத்தில் காவல் முடிந்தது. நாகப்பூச்சு வேறு சாதி.

இரும்பை அமிலத்தில் கழுவி, ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் உருகிய நாகத்தில் தோய்த்தெடுப்பதுதான் கல்வனைஸ். பிரெஞ்சுக்காரரான ஸ்ரனிஸ்லாஸ் சொரெல் 1837 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தோய்ந்திருக்கும்போதே நாகமும் இரும்பும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, கலப்புலோக அடுக்குகளாக இறுகிவிடும். அதனால்தான் பெயின்றைப் போல அது உரிந்து வராது. தடித்த இரும்பில் இந்தப் பூச்சு 85 மைக்ரோன் அளவு இருக்கும். மின்முறையால் நாகம் பூசிய சாதாரண ஆணி, திருகாணிகளில் பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரோன்தான்.

என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கும் அதிசயம் இனித்தான் வருகிறது. கல்வனைஸ் தகரத்தை ஆணியால் ஆழமாகக் கீறுங்கள். இரும்பு வெளியே தெரியும். ஆனாலும் அந்தக் கீறல் நெடுநாள் கறளேறாது. அதேபோல ஒரு பிஸ்கட் ரின்னின் வெளிப்பக்கத்தைக் கீறினால் சில நாட்களிலேயே சிவந்துவிடும். பிஸ்கட் ரின்னில் இருப்பது வெள்ளீயப் பூச்சு. மின்வாய் அழுத்தம் இரும்புக்கு −0.44 வோல்ற்று, வெள்ளீயத்துக்கு −0.14, நாகத்துக்கு −0.76. ஈரத்தில் இரண்டு உலோகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால், அழுத்தம் தாழ்ந்ததுதான் இலத்திரன்களை விட்டுக் கரையும். வெள்ளீயத்தோடு சேர்ந்த இரும்பு தானே பலியாகிறது. நாகத்தோடு சேர்ந்தால் நாகம் கரைகிறது, இரும்பு தப்புகிறது. மாமனார் காலத்து வாளி உடம்பெல்லாம் கீறலோடு இன்னும் உழைப்பது இதனால்தான்.

யாழ்ப்பாணத்துக் கிடுகுவேலியும் இப்படித்தான் நிற்கிறது. வெயிலையும் மழையையும் தான் வாங்கி உக்கிப்போகும். உள்ளே இருப்பவை பிழைக்கும். ஆண்டுதோறும் வேலி அடைக்கிற வீட்டில் அந்தக் காவல் தொடரும்.

ஒன்றை அழியவிட்டு மற்றொன்றைக் காக்கும் இந்த உத்தியைக் கடலில் முதலில் சோதித்தவர் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி. 1824 இல், பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் அடியில் அறைந்திருந்த செப்புத் தகட்டோடு நாகமும் இரும்பும் பொருத்திப் பார்த்தார். செம்பு அரிபடுவது நின்றது. ஆனால் செம்பு கரைந்து நஞ்சாகக் கசிந்ததால்தான் அதுவரை கப்பலடியில் கொட்டலசுகள் ஒட்டாமல் இருந்தன. கசிவு நின்றதும் அவை அப்பிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் கெடுத்தன. வேதியியல் வென்றும் கப்பலுக்குப் பயனில்லாமல் போயிற்று. இரும்பு உடலுள்ள கப்பல்களுக்கு அதே உத்தி பின்னாளில் கைகொடுத்தது. இன்றும் கப்பலடியில் நாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள்.

இந்தக் காவலுக்கு எல்லை உண்டு. கீறலின் இரு கரையிலும் நாகம் இருக்க வேண்டும். இடைவெளி சில மில்லிமீற்றரைத் தாண்டினால் அதன் கை எட்டாது. வெல்டிங் செய்யும்போது நடப்பதைப் பாருங்கள். நாகம் 907 பாகையில் கொதித்து ஆவியாகும். வெல்டிங் பொறியின் வெப்பம் அதைப்போல் பல மடங்கு. ஒட்டைச் சுற்றி நாகம் முழுவதும் வெண்புகையாகப் போய்விடுகிறது. மிஞ்சுவது வெறும் இரும்பு. மாதகல் கடல் கிட்டவே இருக்கும் பண்டத்தரிப்பில், வாடைக்காற்று உப்பையும் ஈரத்தையும் கொண்டுவந்து அந்த ஒட்டில்தான் வைக்கும். வாசகியின் கேற்றுக்கு நேர்ந்தது இதுவே.

அந்தப் புகையை மூச்சோடு இழுக்கும் தொழிலாளிக்கு அன்றிரவே நடுக்கமும் காய்ச்சலும் வரலாம். ஒட்டும் இடத்து நாகத்தை முன்கூட்டியே அராவி எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் முகமூடியோடு ஒட்ட வேண்டும். முகமூடி இல்லாமல் வேலை செய்யும் இளைஞர்களைக் காணும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

ஒட்டி முடித்தபின் நாகத்தூள் செறிந்த பெயின்ற் பூசினால் காவல் பெருமளவு மீளும். நம் கடைகள் பலவற்றில் சில்வர் பெயின்ற் அடித்து மினுக்கி அனுப்பிவிடுகிறார்கள். அது பார்வைக்கு நாகம் மாதிரி. வேலையில் வெறும் சுவர். இன்னும் சிலர் புதுக் கல்வனைஸ் மேல் நேரடியாக எண்ணெய்ப் பெயின்ற் அடிக்கிறார்கள். அந்த எண்ணெய் நாகத்தோடு வினைப்பட்டு அடியில் ஒரு சவர்க்காரப் படலத்தை உண்டாக்கும்; சில காலத்தில் பெயின்ற் பாளம் பாளமாகக் கழரும். கல்வனைசுக்கென்றே உள்ள அடிப்பூச்சு முதலில் வேண்டும். தகரங்களை நனைந்தபடி காற்றுப்புகாமல் அடுக்கி வைப்பதும் பிழை. காற்றுப் பட்டால்தான் நாகத்தின்மேல் சாம்பல் நிறக் காப்புப் படலம் உண்டாகும். இல்லாவிட்டால் வெண்பொடியாகப் பூத்து வீணாகும்.

வாசகிக்குச் சொல்ல வேண்டியது இதுதான். கேற்றைக் கழற்றி எறிய வேண்டாம். மாரி தொடங்குமுன் ஒட்டுகளைக் கம்பித் தூரிகையால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, நாகத்தூள் பெயின்றை இரண்டு கை பூசுங்கள். அடுத்த கேற் செய்விக்கும்போது, ஒட்டில் என்ன பூசுவீர்கள் என்று கேட்ட பிறகு விலை பேசுங்கள். மினுக்கத்துக்குக் காசு கொடுக்க நாம் தயங்குவதில்லை. வெளியே தெரியாத அந்தப் பூச்சுக்கும் கூலி கொடுக்கப் பழகினால், நல்ல தொழிலாளி அதை நன்றாகச் செய்யப் பழகுவார்.