முப்பட்டை ஊசி: பயன் அறியும் முறையும் பெயரிடும் பொறுப்பும்

முன்னுரை

புலம்பெயர் தமிழர் சமூக ஆவணக் காப்பகங்களுக்கு வந்துசேரும் குடும்பப் பொருள்களுள் கடிதம், கடவுச்சீட்டு, ஒளிப்படம் முதலியவற்றை இனங்காண்பது ஓரளவு எளிது. அவற்றில் எழுத்து உண்டு. பல வேளைகளில் நாளும் உண்டு. கைத்தொழிற் கருவிகளுக்கு இவ்வசதி இல்லை. முன்னோர் பெட்டியின் அடியில் கிடக்கும் பருத்த இரும்பு ஊசி ஒன்றைக் கொடுப்பவரும் பெறுபவரும் ஒருசேர வியப்புடன் நோக்குவர். பின்னர் பட்டியலில் 'பெரிய ஊசி' என்றோ 'தோல் ஊசி' என்றோ எழுதிவிடுவர். கூரிய பகுதி மூன்று பட்டையாக அமைந்த கைத்தையல் ஊசியின் பயனை அதன் உறுப்புகளைக் கொண்டு அறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்வாறு அறிந்தபின் பெயரிடுவதில் உள்ள பொறுப்பையும் சுட்டுகிறது.

'ஊசி' என்னும் சொல்லின் பரப்பு

தமிழில் 'ஊசி' என்பது தையற் கருவியை மட்டும் குறிப்பதன்று. காந்த ஊசி, மருத்துவர் இடும் ஊசி, மீனவர் வலை பின்னும் ஊசி எனப் பலவும் அப்பெயரால் வழங்குகின்றன. வலை ஊசி மரத்தாலோ மூங்கிலாலோ ஆகிய, நூலைத் தன்மேல் சுற்றிக்கொள்ளும் கருவி. அது எதனையும் துளைப்பதில்லை. எனவே, 'இது தாத்தாவின் ஊசி' என்னும் வாய்மொழிக் குறிப்பு தனித்து நின்று கருவியின் தொழிலை நிறுவாது.

தைக்கும் தொழிலுக்குள்ளேயே வேறுபாடு இருந்தமைக்குப் பழஞ்சான்று உண்டு. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்துத் தொழிலாளரை அடுக்கிக் கூறுமிடத்தில், துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைக்கும் துன்னரையும் வேறு பிரித்துக் கூறுகிறது. புறநானூற்று 82ஆம் பாடல் கட்டிலுக்கு வார் பிணிப்பவனின் ஊசி விரைந்து இயங்குவதைப் போரின் விரைவுக்கு உவமையாக்குகிறது. அவ்வூசி நூலை அன்றி வாரை இழுத்துச் செல்வது என்பது நோக்கத்தக்கது. தைக்கப்படும் பொருளும் தைக்கும் இழையும் மாறும்போது ஊசியும் மாறும் என்பதே இனங்காணலின் அடிப்படை.

முனையும் பட்டையும்

ஆராயத் தொடங்கும் இடம் முனை. சாதாரணத் தையல் ஊசியின் முனை உருண்டு கூர்ந்தது. நெய்த துணியில் பாவுக்கும் ஊடைக்கும் இடையே இடைவெளி இருப்பதால், உருண்ட முனை இழைகளை அறுக்காமல் விலக்கிக்கொண்டு நுழையும். தோலில் அத்தகைய இடைவெளி இல்லை. அதன் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதனை ஊசி வெட்டியே கடக்க வேண்டும். ஆகவே தோலுக்குரிய ஊசியின் முனை மூன்று பட்டையாகத் தீட்டப்பட்டு, பட்டைகள் கூடும் விளிம்புகள் கத்திபோல் கூர்மையாக இருக்கும். இப்பட்டை முனையை ஒட்டிய சிறு பகுதியளவில் நின்றுவிடும். தண்டின் எஞ்சிய பகுதி உருண்டிருக்கும்.

கப்பற்பாய் தைக்கும் ஊசியும் முப்பட்டையானதே. குழப்பம் இங்குதான் எழுகிறது. ஆனால் பாய் ஊசியில் பட்டைப் பகுதி முனையிலிருந்து தண்டின் கணிசமான நீளம் வரை செல்லும். பின்னர் தண்டு உருண்டு காதில் முடியும். இதனினும் முதன்மையான வேறுபாடு விளிம்பில் உள்ளது. மரபான பாய் ஊசியின் விளிம்புகள் மழுக்கப்பட்டிருக்கும். கித்தான் நெருக்கமாக நெய்யப்பட்டது. மெழுகேற்றி இரட்டையாக்கிய முறுக்கு நூல் செல்லுமளவுக்கு அதில் துளை விரிய வேண்டும். அதே வேளையில் இழைகள் அறுபடக் கூடாது. அறுபட்டால் தையல் வரிசை நெடுகப் பாய் காற்றில் கிழியும். மழுங்கிய மூன்று பட்டைகள் இழைகளை அகல விலக்குகின்றன. ஊசி கடந்தபின் நெசவு மீண்டும் நெருங்கி நூலைப் பற்றிக்கொள்கிறது. சுருங்கக் கூறின், தோல் ஊசியின் பட்டை வெட்டுவதற்கு. பாய் ஊசியின் பட்டை விலக்குவதற்கு.

தண்டும் காதும் அளவும்

பாய் ஊசிகள் பொதுவாக ஏறத்தாழ 6 முதல் 12 செ.மீ. வரை நீளமுடையவை. அவற்றின் பருமன் எண்ணால் குறிக்கப்படும். எண் கூடக் கூட ஊசி மெலியும். 8ஆம் எண் ஊசி 16ஆம் எண் ஊசியினும் தடித்தது. பாயின் துண்டுகளை இணைக்கும் ஊசி சற்று நீண்டும், பாயின் ஓரத்தில் கயிற்றைச் சேர்த்துத் தைக்கும் ஊசி குறுகித் தடித்தும் இருக்கும்.

கோணி ஊசி அல்லது சாக்கு ஊசி இவற்றிலிருந்து எளிதில் பிரித்தறியத்தக்கது. அது பெரும்பாலும் 10 செ.மீ.க்கு மேற்பட்டது, முனைப்பகுதி தட்டையாகி, பெரும்பாலும் சற்றே வளைந்திருக்கும். நிரம்பிய சாக்கின் வாயை ஒரு பக்கத்திலிருந்தே தைக்க வேண்டியிருப்பதால் அவ்வளைவு தேவையாகிறது. மறுபக்கத்தைக் கை எட்டாத இருக்கை வேலைக்குரிய ஊசி அரைவட்டமாக வளைந்திருப்பதும் இக்காரணம் பற்றியே. மெத்தையின் குறுக்கே நூல் கோக்கும் நீண்ட நேர் ஊசிகளுள் இருமுனையும் கூரியவை உண்டு. அவற்றைத் திருப்பாமலே மீளச் செலுத்தலாம்.

காதின் வடிவம் இழையைக் காட்டும். நீண்ட முட்டைவடிவக் காது தடித்த முறுக்கு நூலுக்கு உரியது. காதின் இருபுறமும் மென்பள்ளம் இருப்பின், நூல் அப்பள்ளத்தில் படிந்து துளையில் சிக்காமல் செல்வதற்கென அமைக்கப்பட்டது எனக் கொள்ளலாம்.

தேய்மானமும் உடன்கிடைப் பொருள்களும்

வடிவம் ஊசி எதற்காகச் செய்யப்பட்டது என்பதைக் கூறும். எதற்காகப் பயன்பட்டது என்பதைத் தேய்மானமே கூறும். பாய் தைப்பவர் விரற்கூட்டுக்கு மாறாக உள்ளங்கைக் காப்பு அணிவர். அது தோற்பட்டையாலானது, அதில் குழிகள் பொறித்த உலோகத் தகடு பதிந்திருக்கும். ஊசியின் காதுப்பக்கம் அக்குழியில் ஊன்றித் தள்ளப்படுவதால் அம்முனையில் தேய்மானம் ஏற்படலாம். ஊசியுடன் அத்தகைய காப்போ, தேன்மெழுகுக் கட்டியோ, துருப்பிடிக்காதிருக்கக் கொழுப்பிட்டு ஊசிகளை வைக்கும் குழலோ கிடைப்பின் சான்று வலுப்பெறும்.

ஆதலால், கிடைத்த ஊசியைத் தேய்த்துப் பளபளப்பாக்குதல் பெரும் பிழை. காதினுள் ஒட்டியுள்ள மெழுகு, கீல், நார்த்துணுக்கு ஆகியவையே அதன் தொழிலுக்கு நேர்ச்சான்று. அவற்றை உருப்பெருக்கியின் கீழ் நோக்கிப் பதிவு செய்த பின்னரே துருவைத் தடுக்கும் பணியில் இறங்க வேண்டும். விளிம்பின் கூர்மையையும் விரலால் தடவிப் பாராது உருப்பெருக்கியாலேயே காண்பது தக்கது.

செய்த இடத்தைக் கொண்டு பயன்பட்ட இடத்தை முடிவு செய்தலும் ஆகாது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ரெடிச் நகரம் உலகின் பல பகுதிகளுக்கும் ஊசிகளை ஏற்றுமதி செய்தது. உறையில் ஆங்கிலப் பெயர் இருப்பதால் அது ஆங்கிலேயர் கைப்பட்ட ஊசி என்று கொள்வதற்கில்லை.

பெயரிடும் பொறுப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வல்வெட்டித்துறை பாய்க்கப்பல் கட்டுதலுக்கும் ஓட்டுதலுக்கும் பெயர்பெற்ற ஊர். அங்குக் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் இருபாய்மரக் கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் பங்கேற்ற நெடும்பயணத்தின் முடிவில் அது 1938இல் மாசசூசெட்சின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கப்பலின் பெயர் வரலாற்றில் நின்றது. அத்தகைய கப்பல்களின் பாய்களைத் தைத்தும் ஒட்டுப்போட்டும் காத்த கைகளின் பெயர்கள் அவ்வாறு நிற்பது அரிது. அத்தகைய ஊர்களிலிருந்து வந்த குடும்பத்தின் ஊசி 'தோல் ஊசி' எனப் பதியப்படின், கடல்தொழில் பற்றிய சான்று ஒன்று பட்டியலுக்குள்ளேயே மறைந்துபோகும்.

இதன் மறுபக்கமும் கருதத்தக்கது. தோற்றொழில் சாதி இழிவோடு பிணைக்கப்பட்ட சமூகத்தில், 'தோல் ஊசி' என்னும் பெயரைக் கேட்டதும் பொருளைத் திரும்பப் பெற விழைவோர் இருக்கக்கூடும். அதனைப் பாய் ஊசி என மாற்றி எழுதுமாறு வேண்டுவோரும் இருக்கக்கூடும். காப்பகம் இதற்கு இணங்குமாயின், செருப்பும் வாரும் பறையும் தைத்த மக்களின் கருவிகள் ஆவணத்தில் இடமின்றிப் போகும். அத்தொழிலாளர் எழுதி வைத்துச் சென்றவை மிகச் சில; அவர்தம் கருவிகளே அவர்களுக்குரிய ஆவணங்கள். பெருமை கருதிப் பெயர் மாற்றுதலும் கவனமின்றிப் பெயர் சூட்டுதலும் வரலாற்றுக்கு ஒரே கேட்டையே விளைவிக்கின்றன. முனையின் விளிம்பு கூர்மையாயின் கூர்மை என்றே எழுத வேண்டும்.

வடிவமும் வழக்கும் மாறுபடும் நிலையையும் ஏற்க வேண்டும். பாய் ஊசி வீட்டில் சாக்கும் படங்கும் தைக்கப் பயன்பட்டிருக்கலாம். பாய்க்கப்பல் மறைந்த பின்னும் ஊசி பயன்பாட்டில் இருந்திருக்கும். எனவே பட்டியற் குறிப்பு மூன்று நிரல்களாக அமைதல் நன்று: உறுப்புகளின் விவரிப்பு, வடிவத்தால் அறியப்படும் பயன், குடும்பத்தார் கூறும் பயன். மூன்றாம் நிரலைக் கூறியவரின் சொல்லிலேயே எழுத வேண்டும். அவர் 'கித்தான் ஊசி' என்றால் அச்சொல்லும் ஒரு சான்று.

முடிவுரை

முப்பட்டை ஊசியை இனங்காண, பட்டையின் நீளம், விளிம்பின் கூர்மை, தண்டின் வளைவு, காதின் வடிவம், தேய்மானம், உடன்கிடைப் பொருள் ஆகிய ஆறும் வரிசையாக நோக்கப்படல் வேண்டும். இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு துணிதல் பிழைக்கு இடம் தரும். ஆறும் ஒத்துவராதபோது 'முப்பட்டை ஊசி. பயன் துணியப்படவில்லை' என்று எழுதுவது ஆய்வாளருக்குக் குறையாகாது. அடுத்து வரும் ஆய்வாளர் அவ்விடத்திலிருந்து தொடங்கலாம். பிழையாகத் துணிந்து எழுதப்பட்ட பெயரையோ எவரும் மீண்டும் ஐயுற்று ஆராய்வது அரிது.