செம்மண் பாதைக்கு ஒரு டிரெய்லர்

காட்டுப்பாதையில் ஓடும் டிரெய்லரின் அளவுகளை அதை இழுக்கும் வண்டிதான் தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவின் உள்பகுதிகளுக்குத் தண்ணீர், எரிபொருள், கூடாரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகிறவர்களில் பலர் இதை வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்கிறார்கள். முதல் வேலை, வண்டியின் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளப்பது. டிரெய்லருக்கும் அதே தூரம் வைத்தால், வண்டி போட்ட தடத்திலேயே அது உருளும். மணலில் புதுத் தடம் வெட்டத் தேவையில்லை. சக்கரமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கமுள்ள டொயோட்டா ஹைலக்ஸுக்கு 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் 6 போல்ட். டிரெய்லர் ஹப்பும் அப்படியே அமைந்தால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் கால் டன் டிரெய்லர்கள் ஜீப்பின் சக்கரங்களையே பூட்டிக்கொண்டு ஓடியதற்கும் இதுவே காரணம்.

அடுத்தது எடை. ஆஸ்திரேலிய விதிப்படி, சுமையோடு டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும். பலம் வேண்டுமென்று கனத்த இரும்பாகத் தேடி வாங்குவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அந்த இரும்பின் எடை அத்தனையும் ஏற்றக்கூடிய சரக்கிலிருந்து கழிந்துபோகும். சாதாரணச் சுமைக்கு 3 மில்லிமீட்டர் கனமுள்ள செவ்வக பைப்பே பெரும்பாலும் போதும், வெல்டிங் சரியான இடத்தில் விழுந்தால்.

சட்டத்தைத் தரையில் பரப்பி, மூலைகளில் பொட்டுப் பொட்டாக மட்டும் பற்றவைத்து, இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று அளந்த பிறகே முழு வெல்டிங். சூடு இரும்பை இழுக்கும் என்பதால் எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றிப் பற்றவைப்பார்கள். ஆபத்தான இடம், டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் ஏர்க்கால் சேஸின் முன் குறுக்குச் சட்டத்தைச் சந்திக்கும் மூட்டு. வண்டி குதிக்கும்போதெல்லாம் ஏர்க்கால் மேலும் கீழும் வளைகிறது. அந்த அழுத்தம் பைப்பின் மேல்முகத்திலும் அடிமுகத்திலும்தான் அதிகம். அங்கே குறுக்காக வெல்டிங் இழுத்தால், அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். பக்கவாட்டு முகங்களில் நீளவாக்கில் பற்றவைப்பதும், ஏர்க்காலை ஸ்பிரிங் தாங்கி வரை சேஸுக்கு அடியில் நீட்டுவதும் நல்ல கட்டுமானம்.

பாரத்தின் கணக்கு மாட்டுவண்டிக் கணக்குதான். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கும். டிரெய்லரில் மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் கொக்கியில் அமர வேண்டும். அதனால் அச்சு, தளத்தின் நடுவிலிருந்து சற்றுப் பின்னே போகிறது. பின்பாரம் மிகுந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். வண்டியையே புரட்டிவிடக்கூடிய ஆட்டம் அது.

தார்ச்சாலைக்கான பந்துக் கொக்கி ஓரளவுதான் சாயும். பள்ளத்தில் வண்டி ஒருபுறமும் டிரெய்லர் மறுபுறமும் சாய்கிற நிலத்துக்கு எல்லாத் திசையிலும் திரும்பும் கொக்கி வேண்டும். விளக்கு, வயரிங், பாதுகாப்புச் சங்கிலி, பதிவு ஆகியவை எந்த டிரெய்லருக்கும் உள்ளவையே.

துருவைத் தடுக்கச் சட்டம் முழுவதையும் சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதுண்டு. அதற்கு முன் ஒவ்வொரு பைப்பிலும் துளை போட்டாக வேண்டும். மூடிய பைப்புக்குள் தங்கிய ஈரம் நீராவியாகி வெடிக்கும். தொட்டியருகே நிற்பவர்களின் உயிருக்கே ஆபத்து. முக்கிய பிறகு வெல்டிங் செய்தால் எழும் துத்தநாகப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொடுக்கும். அதனால் கொளுவி, தாங்கி அனைத்தையும் முன்பே பற்றவைத்து முடிப்பதே முறை.

ஓடத் தொடங்கிய பின் கவனம் கேட்பது பேரிங். நெடுந்தூரம் ஓடிச் சூடான ஹப் ஆற்றில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சட்டெனச் சுருங்கி, சீலின் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆற்றுக்கு முன் சற்று நேரம் நிறுத்தி ஆறவிட்டு இறங்குவதும், ஊர் திரும்பியதும் ஹப்பைத் திறந்து கிரீஸ் மாற்றுவதும் பேரிங்கைக் காக்கும்.