ஆயாக் கொட்டகையும் எட்டு மாத அழுகையும்

பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா), ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஆயாக் கொட்டகையைத் தெரியாமல் இருக்காது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் அம்மா, தூக்கம் கலையாத பிள்ளையை அங்கே விட்டுவிட்டுத்தான் பால்மரம் சீவப் போவார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. இன்று உங்கள் மகளோ மருமகளோ தொழிற்சாலைக்குப் போகும் வழியில் பிள்ளையைத் ‘தஸ்கா’வில் விடுகிறார். 2023 முதல் பேறுகால விடுப்பு 98 நாள். ஆகவே மூன்று மாதப் பிள்ளையே கை மாறுகிறது.

அப்போது சிரித்துக்கொண்டே போன பிள்ளை, எட்டாம் மாதத்தில் வாசலிலேயே கத்தத் தொடங்குகிறது. ‘அங்கே அடிக்கிறார்களோ?’ என்று வீட்டில் சந்தேகம் எழும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஐந்து மாதக் குழந்தையின் கண்முன்னே பொம்மையைத் துணியால் மூடினால், அது பெரும்பாலும் தேடாது. ஒன்பது மாதக் குழந்தை துணியை இழுத்து எடுக்கும். கண்ணுக்கு மறைந்தது இல்லாமல் போய்விடவில்லை என்பதை வைத்துச் செயல்பட அதற்கு இப்போது தெரியும். அம்மாவின் விஷயத்திலும் அப்படித்தான். போனவர் எங்கோ இருக்கிறார் என்று தெரியும். எப்போது வருவார் என்று தெரியாது. அந்த இடைவெளியில்தான் அழுகை பிறக்கிறது. முதல் பிறந்தநாளையொட்டி வலுத்து, இரண்டு மூன்று வயதில் தானாகத் தணியும். மூளை வளர்கிறது என்பதன் அடையாளம் இது. ஆனால் அம்மா போன பிறகும் நாள்கணக்கில் தேறாமல் இருந்தால், பராமரிப்பவரைக் கண்டாலே மிரண்டால், விசாரிக்கத்தான் வேண்டும்.

‘பிள்ளை நம்மை மறந்துவிடுமோ?’ என்பது அடுத்த பயம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஷாஃபரும் எமர்சனும் 1964-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பாலூட்டிக் குளிப்பாட்டியவரிடம்தான் குழந்தை ஒட்டும் என்பதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துப் பேசி விளையாடியவரிடம் ஒட்டுகிறது. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் அப்பா, பாட்டி என ஒருவருக்கு மேற்பட்டவரிடம் ஒட்டியிருந்தன.

அமெரிக்காவில் 1991-இல் தொடங்கி 1,300-க்கும் அதிகமான பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வும், பராமரிப்பு இல்லத்தில் விடுவது மட்டுமே தாய்–சேய் பிணைப்பைக் கெடுப்பதில்லை என்றது. குழந்தையின் குறிப்பறியாத தாய், அதோடு தரமற்ற பராமரிப்பு அல்லது அடிக்கடி ஆள் மாறுவது என்று இரண்டும் சேரும்போதுதான் சிக்கல்.

பழைய கொட்டகையில் இந்த ஒன்று சரியாக இருந்தது. ஆயா அதே தோட்டத்து மனுஷி, நேற்று இருந்த முகமே இன்றும் இருக்கும். அதற்காக அந்தக் காலத்தைப் புகழ வேண்டாம். ஒரே ஆயாவிடம் ஏகப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். இன்று ஒரு வயதுக்குட்பட்ட மூவருக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது விதி. இடம் பார்க்கப் போகும்போது கட்டணத்தோடு இதையும் கேளுங்கள்: ‘என் பிள்ளையைத் தினமும் யார் தூக்குவார்? அவர் எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறார்?’

கைப்பேசியைக் காட்டிப் பராக்குப் பார்க்கவைத்து நழுவிவிடாதீர்கள். திரும்பிப் பார்க்கும்போது ஆள் இல்லையென்றால், மறுநாள் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். தினமும் ஒரே வார்த்தை சொல்லி, பராமரிப்பவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மாலையில் அழைக்கப் போகும்போது சில பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சில உங்களைக் கண்டதும் அழும். அது வெறுப்பல்ல. காரில் ஏற்ற அவசரப்படாமல் ஐந்து நிமிடம் மடியில் வைத்திருங்கள்.