மாட்டு டாக்டர் படிப்புன்னா சும்மாவா?

போன மாதம் வகுப்பில் ‘என்ன படிக்கப் போறே?’ என்று டீச்சர் கேட்டார்கள். ‘கால்நடை மருத்துவம்’ என்றேன். உடனே கடைசி பெஞ்சிலிருந்து ‘ம்ம்மா...’ என்று ஒரு சத்தம்! யாரென்று தெரியும், பெயர் வேண்டாம். அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

என் பெரியம்மா மகள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நான்காம் வருஷம் படிக்கிறாள். நாமக்கல் என்றாலே நமக்கு லாரி, முட்டை, ஆஞ்சநேயர் கோயில்தான் ஞாபகம் வரும். இந்தக் கல்லூரியும் 1985-லிருந்து அங்கே இருக்கிறது. (சென்னையில் 1903-ல் தொடங்கியதுதான் தமிழ்நாட்டில் மூத்த கல்லூரி.) படிப்பு மொத்தம் ஐந்தரை வருஷம். நாலரை வருஷம் பாடம், ஒரு வருஷம் பயிற்சி.

மனுஷ டாக்டர் ஒரு உடம்பைப் படித்தால் போதும். இவர்களுக்கு மாடு, எருமை, ஆடு, குதிரை, பன்றி, நாய், கோழி என்று வரிசையாக நிற்கும். முதல் வருஷமே எலும்புதான். நமக்கு விலா எலும்பு 12 ஜோடி, மாட்டுக்கு 13, குதிரைக்கு 18. ஒரு எலும்பைக் கையில் தடவிப் பார்த்தே எந்தப் பிராணி, எந்தக் கால், இடதா வலதா என்று சொல்லிப் பழகுவார்களாம். ‘ஃபார்மலின் வாசனை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது, அந்தக் கையாலதான் மெஸ்ஸில சோறு திங்கணும்’ என்பாள் அக்கா. முதல் வாரம் இவள் தயிர்சாதம் தவிர எதையும் தொடவில்லையாம்!

அப்புறம்தான் உண்மையான கஷ்டம். நோயாளி வாய் திறந்து எங்கே வலிக்குது என்று சொல்லாது. எல்லாவற்றையும் கையாலும் காதாலும் கண்டுபிடிக்க வேண்டும். தெர்மாமீட்டர் ஆசனவாயில் வைப்பார்கள். மாட்டுக்கு 101.5 டிகிரி இருந்தால் அது காய்ச்சல் இல்லை, சாதாரண சூடு. கோழிக்கு இன்னும் அதிகம், 106, 107 வரும். மாட்டின் இடது பக்க வயிற்றுப் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்தால் பெருவயிறு புரளுவது தெரியும். இரண்டு நிமிஷத்தில் இரண்டு மூன்று தடவை புரளணும். புரளவில்லை என்றால் ஏதோ கோளாறு.

சினைப் பரிசோதனைக்குத் தோள் வரை உறை போட்டுக்கொண்டு கையை உள்ளே விட வேண்டும். அக்காவுக்கு முதல் நாள் சாணியைத் தவிர எதுவும் தட்டுப்படவில்லை! மாடு அழுத்துகிற அழுத்தில் கை மரத்துப் போகுமாம். இருபது முப்பது மாடு பார்த்த பிறகுதான் விரலுக்குக் கண் வந்தது என்றாள்.

இனி எங்கள் வீட்டுக் கதை. தை மாதம் அக்கா லீவில் வந்திருந்தாள். எங்கள் செவலை மூன்றாவது ஈத்து ஈன்ற மறுநாள் காலையில் எழுந்திரிக்கவில்லை. காது ஜில்லென்று இருந்தது, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது. அக்கா தொட்டுப் பார்த்துவிட்டு ‘பால் காய்ச்சல்’ என்றாள். பெயர்தான் காய்ச்சல், உடம்பில் காய்ச்சலே இருக்காது! ஈன்றதும் மடியில் பால் பெருகும்போது ரத்தத்தில் இருக்கிற கால்சியம் பாலோடு போய்விடும். கால்சியம் குறைந்தால் தசை வேலை செய்யாது. கவனிக்காமல் விட்டால் சில மணி நேரத்தில் செத்துப்போகும்.

பக்கத்து வீட்டுத் தாத்தா மூங்கில் குழாயில் கஷாயம் கொண்டு வந்தார். அக்கா தடுத்தாள். ‘தாத்தா, அதுக்கு இப்ப முழுங்கத் தெம்பில்ல. ஊத்துனா நுரையீரலுக்குப் போயிடும்.’ தாத்தாவுக்குக் கோபம். ‘அப்ப நீயே ஊசி போடு கண்ணு, நாலு வருஷமா என்னத்தப் படிச்சே?’ என்றார். எங்கப்பாவும் அவளையே பார்த்தார். அக்காவின் கண் கலங்கிவிட்டது. படித்து முடித்து கவுன்சிலில் பதிவு செய்த டாக்டர்தான் வைத்தியம் பார்க்கலாம். அது சட்டம். அவளிடம் மருந்தும் இல்லை.

டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு, ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்த செவலையை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை முட்டுக் கொடுத்தாள். பக்கவாட்டில் கிடந்தால் வயிறு உப்பிவிடுமாம். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். ‘முட்டுக் கொடுத்தது யாரு? மருந்து ஏதும் ஊத்தலையே?’ என்றுதான் முதலில் கேட்டார்! கழுத்து நரம்பில் கால்சியம் மெதுவாக ஏற்றினார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால் ஸ்டெதாஸ்கோப்பை அக்காவிடம் கொடுத்து எண்ணச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் செவலை ஏப்பம் விட்டது, சாணி போட்டது, அப்புறம் எழுந்து நின்றது! தாத்தா ஒன்றும் பேசாமல் குழாயை எடுத்துக்கொண்டு போனார்.

சேர ஆசைப்படுபவர்களுக்கு: தமிழ்நாட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மார்க்தான் பார்க்கிறார்கள். அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீதத்துக்கு மட்டும் நீட். அரசுப் பள்ளியிலேயே ஆறாவது முதல் படித்த நம்மைப் போன்றவர்களுக்கு 2021-ல் வந்த சட்டப்படி 7.5 சதவீதம் தனி இடம் உண்டு. பயாலஜி கட்டாயம்.

பொங்கலுக்கு அக்கா வருகிறாள். சந்தேகம் இருந்தால் சீட்டில் எழுதி என்னிடம் கொடுங்கள். ‘ம்ம்மா’ சொன்னவரும் கொடுக்கலாம்!