மூன்றாந் தளக் காவலரின் விலை

வட அமெரிக்காவின் பேஸ்போல் கழகங்களுக்கிடையே ஆண்டுதோறும் ஒரு சந்தை நடைபெறுவதுண்டு. பணத்தைக் கொடுத்து வீரரை வாங்குவதைப் போலவே, வீரரைக் கொடுத்து வீரரை வாங்குவதும் அங்கே நெடுநாள் வழக்கம். ஆட்டப் பருவத்தின் நடுவில், ஜூலை மாத இறுதியை ஒட்டி, இச்சந்தை சூடு பிடிக்கும். 2009 ஜூலை 31 அன்று சின்சினாட்டி நகரின் ரெட்ஸ் கழகம், ரொறன்ரோ நகரின் புளூ ஜேஸ் கழகத்திடமிருந்து ஸ்கொட் ரோலன் என்பவரைப் பெற்றுக்கொண்டது. அவர் மூன்றாந் தளத்தைக் காப்பவர், வயது 34. அவருக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டவர் மூவர். எட்வின் என்கார்ணசியோன் என்னும் 26 வயது மூன்றாந் தளக் காவலர் ஒருவர்; ஏனைய இருவர் இளம் பந்தெறிவாளர்கள்.

அந்நாளில் ரெட்ஸ் கழகம் வென்ற ஆட்டங்களிலும் தோற்ற ஆட்டங்களே மிகுதி. தோற்றுக்கொண்டிருக்கும் கழகமொன்று மூன்று இளைஞரைக் கொடுத்து, தோளிற் பலமுறை காயம் பட்ட முதியவர் ஒருவரை ஏன் வாங்கவேண்டும் என்று விமரிசகர் பலர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காண்பதற்கு, ஒரு களத்தடுப்பாளரின் திறமையை எவ்வாறு எடை போடுவது என்ற பழைய சிக்கலுக்குள் முதலில் நுழைய வேண்டும்.

பேஸ்போல் ஆட்டத்தின் உட்களம் ஒரு சதுரம். பக்கம் ஒவ்வொன்றும் 90 அடி. நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள். பந்தை அடித்தவர் வீட்டுத் தளத்திலிருந்து முதலாந் தளத்துக்கு ஓடுகிறார். தரையில் உருண்டு வரும் பந்தை எடுத்து, அவர் அங்கே போய்ச் சேருமுன் முதலாந் தளத்திலுள்ள தோழருக்கு எறிந்துவிட்டால் அவர் ஆட்டமிழப்பார். வலக்கையாட்டக்காரர் வீசியடிக்கும் பந்து பெரும்பாலும் இடப்புறமாக, மூன்றாந் தளத்தை நோக்கியே பாயும். அங்கே நிற்பவருக்கு, ஓங்கி அடித்த பந்தைக் கண்டு உடலைத் திருப்புவதற்கு ஒரு வினாடியும் முழுதாகக் கிட்டுவதில்லை. கிரிக்கெட் ஆட்டத்தில் துடுப்பாட்டக்காரருக்கு மிக அண்மையில் நிற்பவரின் நிலையோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் கிரிக்கெட் வீரர் பந்தைத் தடுத்ததோடு பெருமூச்சு விடலாம். இவரோ விழுந்தெழுந்து, சதுரத்தின் மூலைக்கு மூலையாக 127 அடிக்குச் சற்று மேற்பட்ட தூரத்துக்குப் பந்தை எறிந்தாக வேண்டும். ஓடுபவர் முதலாந் தளத்தை எட்டுவதற்கு எடுக்கும் நேரம் நாலு வினாடிக்குச் சிறிதே கூட.

இன்னொரு வகைச் சோதனையும் உண்டு. சில வேளை அடிப்பவர் வேண்டுமென்றே பந்தை மெல்லத் தட்டிவிடுவார். அப்போது காவலர் முன்னோக்கி ஓடி வந்து, கையுறை அணியாத கையால் பந்தை அள்ளி, குனிந்த நிலையிலேயே பக்கவாட்டில் எறிய வேண்டும். ஆறடி நாலங்குல உயரமும் அதற்கேற்ற பருமனும் உடைய ரோலன் இதனைச் செய்த இலகுவைக் கண்டு வியவாதவர் இல்லை. 1957 முதல் சிறந்த களத்தடுப்புக்கென வழங்கப்பட்டு வரும் தங்கக் கையுறை விருதை, 2009க்கு முன்னரே அவர் ஏழு தடவை பெற்றிருந்தார்.

விருது வேறு, அளவை வேறு. நூறாண்டுக்கு மேலாக வழங்கிவந்த அளவை மிக எளியது. ஒரு காவலர் எடுத்திருக்க வேண்டிய பந்தை நழுவவிட்டாலோ, பிழைபட எறிந்தாலோ, ஆட்டப் பதிவாளர் அதனைப் ‘பிழை’ எனக் குறிப்பார். காவலர் பங்குகொண்ட வாய்ப்புகளில் எத்தனை பிழையின்றி முடிந்தன என்பதே அவருடைய களத்தடுப்பு விகிதம். பிழையா அன்றா என்று தீர்ப்பதற்குச் சட்டம் கூறும் உரைகல் ‘சாதாரண முயற்சி’ என்பது. சாதாரண முயற்சியால் எடுக்கத்தக்க பந்தை விட்டாற்றான் பிழை.

இந்த அளவையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கற்பனையாக இரு காவலரை எடுத்துக்கொள்ளுவோம். இருவர் பக்கமாகவும் நானூறு பந்துகள் உருண்டு வருகின்றன. முதல்வர் 300 பந்துகளை எட்டி, அவற்றில் 10 பிழை செய்கிறார். இரண்டாமவர் 340 பந்துகளை எட்டி, 18 பிழை செய்கிறார். புத்தகக் கணக்கின்படி முதல்வரே மேலானவர். ஆயினும் முதல்வரால் ஆட்டமிழந்தோர் 290 பேர். இரண்டாமவரால் 322 பேர். முதல்வர் எட்டாத பந்துகள் யாருடைய கணக்கிலும் ஏறவில்லை. அவை அடித்தவரின் புகழாகி, பாவம், பந்தெறிவாளரின் பழியாகிப் போயின. கைக்கெட்டாத பந்தில் எவருக்கும் பிழை விழுவதில்லை.

இந்த ஓட்டையை அடைக்கும் முயற்சி 1970களில் பில் ஜேம்ஸ் என்பாரின் எழுத்துக்களால் பரவலாயிற்று. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை பேர் ஒருவரால் ஆட்டமிழந்தனர் என்று அவர் எண்ணினார். அதுவும் முழுமையன்று. சில பந்தெறிவாளருக்கு எதிரே பந்து தரையிலேயே மிகுதியாக உருளும். சிலருக்கு எதிரே வானில் எழும். இடக்கைப் பந்தெறிவாளர் எறியும் நாளில் எதிரணி வலக்கையாட்டக்காரரையே மிகுதியாக இறக்கும். அப்போது மூன்றாந் தளத்துக்கு வேலை கூடும். ரொறன்ரோ மைதானத்தில் இருப்பது போன்ற செயற்கைத் தரையில் பந்து விரைந்தோடும். இவற்றையெல்லாம் காவலரின் குற்றமாகவோ குணமாகவோ கொள்ளல் ஆகாது. ஆகவே பின்வந்தோர், களத்தைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பந்தும் எந்தக் கூற்றினுள் எவ்வளவு வேகத்தில் வந்தது, அத்தகைய பந்தைச் சராசரிக் காவலர் எத்தனை முறை எடுத்திருப்பார் என்று படச்சுருள்களைப் பார்த்துக் கணித்தனர். 2009இல் கழகங்களின் மேசையில் இருந்தவை இத்தகைய கணிப்புகளே. பந்தின் ஒவ்வோர் அசைவையும் கருவிகளால் அளக்கும் முறை எல்லா மைதானங்களிலும் நிலைபெற்றது 2015இல்தான்.

கணித்ததை ஓட்டமாக மாற்றினால் விலை பேசுவது இலகுவாகிறது. ஏறத்தாழப் பத்து ஓட்டத்தைத் தடுப்பது ஒரு வெற்றிக்குச் சமம் என்பது அத்துறையினர் ஒப்புக்கொண்ட வாய்பாடு. மிக நல்ல காவலருக்கும் மெலிந்த காவலருக்கும் இடையே ஆண்டொன்றுக்கு இருபது ஓட்டம் வேறுபடுவது அரிதன்று. அது இரண்டு வெற்றி. ஆனால் ஓராண்டுக் கணிப்பை மட்டும் நம்பி முடிவு செய்பவர் ஏமாறுவார். இரண்டு மூன்று ஆண்டுகளின் கணிப்பைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். அதற்குள் காவலரின் வயது ஏறிவிடுகிறது என்பதுதான் வேடிக்கை.

ரோலனின் வயதும் காயமும் இங்கேதான் எடைத்தட்டில் ஏறுகின்றன. 2004இல் 34 ஹோம் ரன் அடித்த அவர், 2005இல் எதிரணி வீரரொருவரோடு மோதி இடத்தோளைப் புண்படுத்திக்கொண்டார். சத்திரசிகிச்சைகள் நடந்தன. 2007இல் அவர் அடித்த ஹோம் ரன் எட்டே எட்டு. புகழ் மங்கிற்று. ஆனால் கூர்ந்து பார்ப்பவர் ஒன்றைக் கவனித்திருப்பர்: புண்பட்டது இடத்தோள், அவர் பந்தெறிவது வலக்கையால். மட்டையின் வலிமை குறைந்ததேயன்றி, எறியின் வலிமை குறையவில்லை. 2009இல் ரொறன்ரோவில் அவருடைய அடிச்சராசரியும் .320ஆக உயர்ந்து நின்றது.

மறுதட்டில் என்கார்ணசியோன். 2008இல் 26 ஹோம் ரன் அடித்த கை அவருடையது. ஆனால் பந்தை எடுத்தபின் முதலாந் தளத்துக்கு எறியும்போது அது எங்கே போகும் என்பது அவருக்கே தெரியாது என்று சொல்லத்தக்க நிலை. பழைய அளவையும் புதிய அளவையும் அவரைக் குறைகூறுவதில் ஒன்றுபட்டன. அவரை முதலாந் தளத்துக்கு மாற்றலாமே எனின், ரெட்ஸ் கழகத்தில் அங்கே ஜோயி வோட்டோ நின்றார்; அசைக்கமுடியாத வீரர். களத்தில் இறங்காமல் மட்டையடிக்க மட்டும் ஒருவரை வைத்துக்கொள்ளும் விதி அமெரிக்க லீக்கில் 1973 முதல் இருந்தது. ரெட்ஸ் ஆடிய தேசிய லீக்கிலோ அது நிலையான விதியானது 2022இல்தான். ஆகவே ஒரே வீரரின் ஒரே குறை சின்சினாட்டியில் பெருங்குறையாகவும், அமெரிக்க லீக்கைச் சேர்ந்த ரொறன்ரோவில் சிறுகுறையாகவும் நின்றது. விமரிசகருட் பலர் இதனைப் போதிய அளவு எண்ணவில்லை என்றே தோன்றுகிறது.

இலக்கத்தில் அடங்காத ஒன்றும் இருந்தது. ரெட்ஸ் கழகத்தின் பொது முகாமையாளர் வோல்ற் ஜொக்கெற்றி, 2002இல் சென் லூயிஸ் காடினல்ஸ் கழகத்தை நடத்தியபோது இதே ரோலனைப் பிலடெல்பியாவிலிருந்து வாங்கியவர். 2006இல் அவ்விருவரும் உலகத் தொடர் வெற்றியைக் கண்டவர்கள். இளைஞர் நிறைந்த அணியொன்றில் அத்தகைய மனிதர் எவ்வாறு நடந்துகொள்வார் என்பது அவருக்குத் தெரியும். வேண்டியவரை வேண்டிய விலைக்கு மேல் வாங்கிவிடும் ஆபத்தும் இத்தகைய அறிமுகத்தில் உண்டு என்பதை மறுக்கவியலாது.

நடந்தது இது. வந்த சில நாட்களில் ரோலனின் தலைக்கவசத்திற் பந்து பட்டு, அவர் சிறிது காலம் ஒதுங்கியிருக்க நேர்ந்தது. குறை சொன்னோர் தலையசைத்தனர். 2010இல் அவர் 20 ஹோம் ரன் அடித்து, எட்டாவது தங்கக் கையுறையையும் பெற்றார். ரெட்ஸ் கழகம் 91 ஆட்டங்களை வென்று, 1995க்குப்பின் முதன்முறையாகத் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. ரொறன்ரோவோ என்கார்ணசியோனை 2010 முடிவில் கைவிட்டு, சில வாரங்களில் மீண்டும் அழைத்துக்கொண்டது. மூன்றாந் தளத்தின் சுமை மெல்ல மெல்ல இறக்கப்பட்டபின் அவர் 2012இல் 42 ஹோம் ரன் அடித்தார். ஓய்வு பெறும்போது மொத்தம் 424. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருங்கே ஆதாயமடைந்த மாற்றங்கள் அச்சந்தையில் மிகச் சில.

2012 ஒக்டோபர் 9 அன்று, சன் பிரான்சிஸ்கோவுக்கு எதிரான தொடரின் மூன்றாவது ஆட்டம். ரெட்ஸ் முன்னிரண்டையும் வென்றிருந்தது. இன்னும் ஒன்று போதும். பத்தாவது இன்னிங்ஸில், இருவர் ஆட்டமிழந்த நிலையில், ஒரு பந்து மூன்றாந் தளத்துக்கு உருண்டு வந்தது. 37 வயது ரோலனின் கையுறையிலிருந்து அது கணப்பொழுது தெறித்தது. எடுத்து எறிந்தார்; பிந்திவிட்டது. பஸ்ரர் போசி ஓடிவந்து வெற்றியோட்டத்தைப் பெற்றார். பதிவாளர் பிழை என்று எழுதினார். ரெட்ஸ் அடுத்த இரு ஆட்டங்களையும் இழந்தது. அத்தொடரின் பின் ரோலன் ஆடவில்லை.

2018இல் அவருடைய பெயர் பேஸ்போல் புகழ்மண்டபத்துக்கான வாக்கெடுப்புக்கு முதன்முறை வந்தபோது கிடைத்தது 10.2 சதவீதம். தடுத்த ஓட்டங்களையும் கணக்கிற் சேர்த்து எழுதியோரின் தொகை ஆண்டுக்காண்டு வளர்ந்தது. 2023இல் 389 வாக்குகளில் 297 அவருக்கு விழுந்தன. தெரிவாவதற்கு வேண்டியது 292.